அட்டாலியைப் போகிக்கு முந்தின நாள் இறக்காதீர்கள்

வாசகி கேட்டது:

"அக்கா, வணக்கங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வர ராத்திரி ஒன்பது ஆகிவிடும். ஞாயிறு மட்டும்தான் லீவு. வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நான். இரண்டு பெட்ரூம் வீடு, எல்லா ரூமிலும் மேலே சாமான் போடுகிற அட்டாலி. வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் இரண்டு நாள் லீவு போட்டு மொத்த வீட்டையும் சுத்தம் பண்ணுவேன். போன வருடம் ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டில் மேலே பாத்திரம், சமையல்கட்டில் துணி மூட்டை. பிள்ளைகளை முன்னறையில் ஜமுக்காளம் விரித்துப் படுக்க வைத்தேன். அப்புறம் ஒரு வாரம் இடுப்பு வலி. மாசி பிறந்தால் வீடு பழையபடியே. பாத்ரூமில் உப்புக் கறை வேறு போகவே மாட்டேன் என்கிறது. மாமியார் எதையும் வெளியே போட விடமாட்டார். வீட்டுக்காரர் 'காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்' என்கிறார். பொங்கலுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இந்தத் தடவை என்ன பண்ணட்டுங்க?"

பதில்:

அம்மிணி, கட்டில் மேலே பாத்திரம், சமையல்கட்டில் துணி மூட்டை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே விஷயம் முழுக்க இருக்கிறது. கோயமுத்தூரில் ஆறு பேரை வைத்துக்கொண்டு பதினோரு வருடமாக வீடு சுத்தம் செய்து தரும் வேலை பார்க்கிறேன். எங்களைக் கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். காலையில் உற்சாகமாக எல்லாவற்றையும் இறக்கிப் போடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுவில் நிற்பார்கள். அப்போது எனக்கு ஒரு போன் வரும்.

உங்கள் கம்பெனியை வைத்தே சொல்கிறேன். கட்டிங் மாஸ்டர் கோடவுனில் இருக்கிற துணி ரோலை எல்லாம் ஒரே நாளில் விரித்து வெட்டிப் போட்டால் என்ன ஆகும்? தையல் லைனில் பண்டில் மலையாகக் குவியும். எந்த பாடிக்கு எந்தக் கை என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். ஷிப்மென்ட் அன்றைக்கு ஒரு பெட்டிகூடக் கட்டியிருக்காது. வெட்டினதைத் தைத்து, செக்கிங் முடித்து, பெட்டி கட்டின பிறகுதான் அடுத்த ரோல் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தால் மட்டும் அது மறந்துபோகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சுத்தம் பண்ணுவது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் இரண்டு வேலை. ஒன்று, ஒதுக்குவது: எது வேண்டும், எது வேண்டாம், வேண்டியது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணுவது. இன்னொன்று, தூசி தட்டுவது, தேய்ப்பது, கழுவுவது. இரண்டாவது வேலைக்குக் கையும் இடுப்பும் போதும், முதல் வேலைக்குத் தலை வேண்டும். அட்டாலியிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு சாமானும் கையில் வந்ததும் ஒரு கேள்வி கேட்கும். பையனின் முதல் வருடத்து யூனிபார்மை வைத்துக்கொள்ளலாமா? மூடி இல்லாத டிபன் கேரியரை என்ன பண்ணுவது? சீர் வந்தபோது கட்டி வந்த மஞ்சப்பை எதற்காவது ஆகுமா? முதல் ஐம்பது கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வோம். நூறாவது கேள்வியில் "சரி, இருக்கட்டும், மேலேயே போடு" என்றுவிடுவோம். தூசி தட்டின அதே மூட்டை திரும்ப அட்டாலிக்கே போகும். மாசியில் வீடு பழையபடி ஆகிறதே, அதற்குக் காரணம் நீங்கள் தேய்த்தது பத்தாமல் இல்லை. ஒதுக்குகிற வேலை நடக்கவே இல்லை.

அதனால் இந்த வருடம் இரண்டையும் பிரித்துவிடுங்கள். இந்த ஐந்து வாரத்தில் ஒதுக்குவது மட்டும். கழுவுவது கடைசி ஞாயிறு. போகிக்கு லீவு போடவே வேண்டாம்.

எப்படி என்றால், வார நாளில் ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிறவரிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை. சாப்பிட்டுப் படுங்கள். ஞாயிறு காலை காப்பி குடித்ததும், கறிக் கடைக்கு ஆள் போய்த் திரும்புகிற அந்த ஒரு மணி நேரம் எனக்குப் போதும். அந்த நேரத்தில் ஒரே ஒரு அடைப்பு. அடைப்பு என்று நான் சொல்வது ஒரு அலமாரித் தட்டு, ஒரு மேசை இழுப்பறை, அட்டாலியில் ஒரு மூட்டை, இந்த அளவுதான். ஒரு ரூம் என்று கணக்கு வைக்காதீர்கள். ரூம் பெரிது, அது ஜெயித்துவிடும். திறந்த அடைப்பு சாப்பாட்டுக்கு முன்னால் மூடியிருக்க வேண்டும். நேரம் மிச்சம் இருந்தால்தான் அடுத்தது.

சமையல்கட்டிலிருந்து ஆரம்பியுங்கள், அதிலும் டப்பா வைக்கிற தட்டிலிருந்து. போன மாதம் பீளமேட்டில் ஒரு வீட்டில் அந்த ஒரு தட்டை மட்டும் இறக்கித் தரையில் பரப்பினோம். மூடி முப்பத்தி ஒன்று, டப்பா பத்தொன்பது. ஜோடி சேர்ந்தது பன்னிரண்டுதான். மிச்சம் இருந்த மூடிகளில் பாதி ஹோட்டல் பார்சலோடு வந்தவை, அவற்றின் டப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வீட்டம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "பத்து வருசமா இதைக் கழுவிக் கழுவி அடுக்கிட்டு இருந்தேனுங்களா?" என்றார். ஜோடி இல்லாத மூடிக்கு யோசனையே வேண்டியதில்லை, கேள்வி தானே தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் அங்கே ஆரம்பிக்கச் சொல்கிறேன். புகைப்படமும் பழைய கடிதமும் இருக்கிற பெட்டியில் ஆரம்பித்தால் பத்து மணிக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒதுக்கும்போது மூன்று குவியல் போதும். இங்கேயே இருக்கிறது, வீட்டை விட்டுப் போகிறது, மாமியாரிடம் கேட்க வேண்டியது. போகிறதை அன்றைக்கே வண்டியின் முன்பக்கம் வைத்துவிடுங்கள். பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் எடைக்குப் போடும் கடைக்கு. எவர்சில்வர் என்றால் பாத்திரக் கடையில் பழசை எடைக்கு எடுத்துக்கொண்டு புதிதில் கழித்துத் தருவார்கள். வாசல் ஓரத்தில் "அப்புறம் போடலாம்" என்று வைத்த பை, ஒரு வாரத்தில் திரும்ப உள்ளே வந்துவிடும். நான் பார்க்காத வீடு இல்லை.

போகி அன்றைக்கு எரித்துவிடலாம் என்று எதையும் சேர்த்து வைக்காதீர்கள். பிளாஸ்டிக்கும் ரப்பரும் எரித்தால் வரும் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான் போகும். நம் பக்கம் போகி என்றால் எரிப்பதைவிடக் காப்புக் கட்டுதானே முக்கியம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலில் செருகினால் நோம்பி வந்துவிட்டது.

இப்போது ஒரு பழைய வழக்கத்தின் மேல் கை வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டின் பெரிய சுத்தத்தைப் பொங்கலுக்கு வைத்தது வெள்ளையடித்த காலத்துக் கணக்கு. மண் சுவரும் சுண்ணாம்பும் இருந்தபோது, ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறின சுவர் காய்ந்து, தை பிறக்கும் முன் வெள்ளையடிக்க வேண்டும். அப்போது சாமானை வெளியே எடுத்தே ஆக வேண்டும். இன்றைக்கு நம் சுவருக்கு டிஸ்டெம்பரும் எமல்ஷனும்தான், அவசரம் இல்லை. நம் வீட்டுக்குள் தூசி எப்போது வருகிறது என்று பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வைகாசி கடைசியில் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் வீசும். பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது அதற்காகத்தானே. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, காட்டு மண் முழுக்க நம் ஜன்னல் வலையிலும் அட்டாலியிலும்தான் வந்து படிகிறது. ஆடி மாதத்தில் ஃபேன் துடைப்பதும் வலை கழுவுவதும் வீண் வேலை, அடுத்த வாரம் திரும்பப் படிந்துவிடும்.

அதனால் அடுத்த வருடத்திலிருந்து தூசி வேலையைப் புரட்டாசிக்கு மாற்றுங்கள். காற்று அடங்கியிருக்கும், பெருமழை இன்னும் பிடித்திருக்காது, அலசின துணியும் வலையும் காயும். ஆயுத பூஜையும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வரும். கம்பெனியில் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைக்கிற அதே கையோடு வீட்டு ஃபேனையும் துடைத்துவிடலாம். பல வீடுகளில் புரட்டாசிக்குக் கறி எடுப்பதில்லை, சமையல்கட்டில் எண்ணெய்ப் புகையும் கொஞ்சம் குறைவு. ரஜாய், தலையணை, மெத்தை, பவானி ஜமுக்காளம் இதெல்லாம் பங்குனி வெயிலுக்கு. ஜமுக்காளத்தை ஊற வைத்துத் துவைக்கப் போகாதீர்கள், நனைந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மொட்டை மாடியில் கொடியில் போட்டு இரண்டு பக்கமும் தட்டி, ஒரு பகல் முழுக்க வெயில் காட்டினால் போதும்.

இந்தப் பொங்கலுக்கு முந்தின கடைசி ஞாயிற்றுக்கு வருவோம். மேலேயிருந்து கீழே வருவதுதான் வரிசை. ஒட்டடை, ஃபேன், அலமாரி மேல், ஜன்னல், கடைசியில்தான் தரை. ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி, இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடித்து இழுங்கள். தூசி உறைக்குள்ளேயே தங்கும், கட்டில் மேல் கொட்டாது. துடைக்கிற துணியை ஈரமாகப் பிழிந்து வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த துணி தூசியை எடுக்காது, இடம் மாற்றிவிடும். துணிக்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம், உங்கள் ஊரில் கிலோ கணக்கில் பனியன் வேஸ்ட் கிடைக்கிறது. வெள்ளைக் காட்டன் வேஸ்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். கலர் துணி முதல் இரண்டு தடவை சாயம் விடும், வெள்ளைச் சுவரில் கோடு போட்டுவிட்டு நம்மைப் பார்க்கும். நாங்களே திருப்பூரிலிருந்து மூட்டையாக வரவழைக்கிறோம். கடையில் விற்கிற விலை உயர்ந்த துடைக்கும் துணியைவிட நன்றாக உழைக்கிறது.

பாத்ரூமின் உப்புக் கறைக்குப் பொங்கல் புரட்டாசி என்று காலமே கிடையாது. உங்கள் வீட்டிலும் நல்ல தண்ணி ஒரு குழாய், உப்புத் தண்ணி ஒரு குழாய் என்றுதான் இருக்கும். போர் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும், தண்ணீர் காய்ந்ததும் வெள்ளையாகப் படிகிறது. காயாமல் பார்த்துக்கொண்டால் படியாது, அவ்வளவுதான் சூட்சுமம். கடைசியாகக் குளிக்கிறவர் வைப்பரால் சுவரையும் தரையையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வரவேண்டும் என்று சட்டம் போடுங்கள். கடைசியாகக் குளிப்பது வீட்டுக்காரர் என்றால் வேலை அவருடையது.

ஏற்கெனவே படிந்ததற்கு மளிகைக் கடை லெமன் சால்ட், அதாவது சிட்ரிக் ஆசிட் தூள், போதும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி. குழாயில் என்றால், அந்தத் தண்ணீரில் முக்கின பனியன் துணியைக் குழாய் கழுத்தில் சுற்றி அரை மணி நேரம் விட்டு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உலரத் துடையுங்கள். வருடக்கணக்காக ஏறின கறை ஒரே தடவையில் போகாது, மூன்று நான்கு வாரம் அடுத்தடுத்துப் பண்ண வேண்டும். பொறுமை இல்லாமல் கடை ஆசிட்டை எடுத்து ஊற்றினால் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் டைல்ஸ் நடுவே இருக்கிற சிமெண்டை அது அரிக்கும், குழாய்ப் பூச்சும் போகும், அப்புறம் அந்தச் சொரசொரப்பில் கறை முன்னைவிட வேகமாகப் பிடிக்கும்.

இதில் நான் சூடுபட்டவள். தொழில் ஆரம்பித்த முதல் வருடம், ஒரு வீட்டுச் சமையல்கட்டில் அலமாரித் தட்டெல்லாம் கடப்பா கல். எங்கள் பையன் ஒருவன் பாத்ரூமுக்குக் கரைத்து வைத்த ஆசிட்டை எடுத்து அதையும் துடைத்துவிட்டான். நான் வந்து பார்க்கும்போது கருப்புக் கல் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. எண்ணெய் தேய்த்துப் பார்த்தோம், இரண்டு நாளில் திரும்பத் தெரிந்தது. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை, புளிப்பு எதுவும் அதற்கு ஆகாது. எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தாலே அச்சு விழும். கடைசியில் என் செலவில் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். அந்த மாத வருமானம் அதோடு போயிற்று. மொசைக், மார்பிள், சிமெண்டில் போட்ட ரெட் ஆக்சைடு தரை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். உங்கள் வீட்டில் எந்தக் கல் என்று பார்த்துக்கொண்டு லெமன் சால்ட்டைத் தொடுங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். ஒன்றை ஊற்றின இடத்தில் கழுவாமல் இன்னொன்றைப் போட்டாலும் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறவருக்கு மூச்சு அடைத்துவிடும். லெமன் சால்ட்டும் வினிகரும்கூட இந்த விஷயத்தில் ஆசிட்தான். வீடியோவில் வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து நுரை பொங்க வைத்துக் காட்டுகிறார்களே, அதில் ஆபத்து ஒன்றும் இல்லை, பலனும் பெரிதாக இல்லை. ஒன்றை ஒன்று தின்றுவிடும், கடைசியில் மிஞ்சுவது ஒருவிதமான உப்புத் தண்ணீர். நமக்குத்தான் உப்புத் தண்ணீர் ஏற்கெனவே குழாயில் வருகிறதே!

சமையல்கட்டுப் பிசுக்குக்குச் சுடுதண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற லிக்விடும்தான் முதல் மருந்து. கரைசலைப் பூசிப் பத்து நிமிஷம் ஊற விடுங்கள், பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். சிம்னி வலை அலுமினியம் என்றால் சலவை சோடாவில் போடாதீர்கள், கறுத்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொடும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். ஆள் வைப்பது தப்பே இல்லை. என் பிழைப்பே அதுதான். ஆனால் இந்த நிலைமையில் எங்களைக் கூப்பிட்டால் காசு வீண். நாங்கள் மணிக்கணக்கில்தான் வேலை செய்கிறோம். அதில் பாதி நேரம் உங்கள் சாமானை இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வைப்பதிலேயே போய்விடும். எதை வைத்துக்கொள்வது என்று எங்களால் சொல்லவும் முடியாது. முதலில் ஒதுக்குங்கள். அதன் பிறகு பாத்ரூம் கறைக்கும் சிம்னிக்கும் மட்டும் அரை நாளைக்கு ஆள் கூப்பிடுங்கள், அந்த இரண்டும்தான் இடுப்பை ஒடிக்கிற வேலை. வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை: ஏணி ஏறுவது, எடைக் கடைக்குப் போவது, ஃபேன், ஒட்டடை, இதற்கெல்லாம் காசு கொடுத்து ஆள் தேட வேண்டியதில்லை, வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

கடைசியாக மாமியார். அவரிடம் "இது எதற்கு அத்தை, போட்டுவிடலாமா?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான் வரும். நம் பக்கத்துச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும், தேதி இருக்கும், கொடுத்தவர் ஊர்கூட இருக்கும். அந்தப் பித்தளை அண்டாவில் அவருடைய கல்யாணத்தையே பார்க்கிறவரிடம் எடை விலை பேசக் கூடாது. கேள்வியை மாற்றுங்கள். "அத்தை, அட்டாலியில் ஒரு பக்கம் முழுக்க உங்களுக்கு. அதில் எது எது இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், நான் துடைத்து அடுக்குகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வெளியே போகிறதைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, மூட்டையை ஒவ்வொன்றாக அவர் முன்னால் அவிழுங்கள். இடம் இவ்வளவுதான் என்று தெரிந்ததும் அவரே பார்த்துப் பார்த்து எடுப்பார். அடி ஓட்டையான குண்டாவும் பிடி போன வடிசட்டியும் அவர் கையாலேயே ஓரத்துக்குப் போகும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஒரு ஞாயிறு முழுக்க அந்த ஒரு மூட்டையோடு போனாலும் போகட்டும்.

அந்த அண்டா ஓட்டை இல்லாமல் இருந்தால், ஈயம் பூசி வைத்துக்கொள்ளுங்கள். தைப்பொங்கலை வாசலில் எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்று அவரையே கேளுங்கள்.